ஓர் அளவு பெரியது

எழுபத்தெட்டு கிலோ அறுநூறு கிராம்.
மெர்வி அதைக் கணினியில் தட்டினாள்,
என் உயரத்தையும் தட்டினாள்.
திரை யோசித்து யோசித்து
மஞ்சளாய் ஒரு கட்டம் காட்டியது.
"கொஞ்சம் அதிகம். கொஞ்சம்தான்.
பயப்பட வேண்டாம்."
அதுவரை நான் பயப்படவில்லை.

பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் ஏறியிருந்தேன்.
கம்பளிச் சட்டையையும் கழற்றியிருக்கலாம்.
காலையில் குடித்த தண்ணீர்
கால் கிலோ இருக்குமா?
நீ எவ்வளவு இருப்பாய் என்று கேட்டேன்.
"இரண்டு கிராம்" என்றாள், சிரிக்காமல்.
ஆக, மிச்சமெல்லாம் நான்தான்.

தம்பரே நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறேன்.
பாரம் என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
சனிக்கிழமை ஐஸ் ஹாக்கி முடிந்து
தோற்ற கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறினால்
ஒரு விளக்குக் கம்பம் முன்னாலேயே
பிரேக்கைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.
வண்டியைப் பார்த்துக்
கொஞ்சம் அதிகம் என்று யாரும் முகம் சுளித்ததில்லை.
நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் சரி.

ராத்திரியில் இந்த நியாயம் எடுபடுவதில்லை.
போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு வாசிக்கிறேன்:
சர்க்கரை. ரத்த அழுத்தம்.
அபாயம் சற்றே கூடும்.
சற்றே என்றால்?
விரல் அகலமா,
ஆஸ்பத்திரி வராந்தா நீளமா?

தூக்கத்தில் யூஸோ என் வயிற்றில் கை போடுகிறான்.
எடுத்துவிடுகிறேன்.
மறுபடி போடுகிறான்.
அங்கே நீ இல்லை, அவனுக்குத் தெரியாது.
அவன் கைக்குக் கீழே இருப்பது
மூன்று வருட நைட் ஷிப்ட்,
கடைசி வண்டிக்குப் பிறகு தின்ற ஏலக்காய் பன்,
பகல் என்பதே இல்லாத இரண்டு டிசம்பர்.
நீ இன்னும் கீழே
இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள்
யார் கைக்கும் எட்டாமல்.

மசக்கை வந்தது.
கம்பு ரொட்டியின் காய்ந்த விளிம்பு மட்டும் உள்ளே நின்றது.
ஒரு நாள் எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டு
வாய்கூடக் கொப்பளிக்காமல்
தராசில் ஏறிப் பார்த்தேன்.
முந்நூறு கிராம் குறைந்திருந்தது.
சந்தோஷப்பட்டேன்.
இதை யூஸோவிடம் சொல்லவில்லை.
மெர்வியிடமும் சொல்லவில்லை.
உன்னிடம் சொல்கிறேன்.

பத்தாவது வாரம், ஹெர்வந்தா வளைவில்,
சீருடைப் பொத்தான் தெறித்துப் போய்
கண்ணாடியில் பட்டது.
டிப்போவில் துணி அறைக்குப் போய்
"ஓர் அளவு பெரியது" என்றேன்.
தவுனோ மேலும் கீழும் பார்த்தார்.
"கிறிஸ்துமஸ் பன்றித் தொடை
இன்னும் இறங்கவில்லையா, தூலியா?"
பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேரும்
சிரித்தார்கள்.
வேறொரு நாள் என்றால்
வண்டிக்குள் போய் அழுதிருப்பேன்.
"ரெண்டு தடவை போட்டுக்கொண்டேன்,
கடுகுச் சாந்தோடு" என்றேன்.
இன்னும் சிரித்தார்கள்.

யாருக்கும் உறைக்கவில்லை.
ஒல்லியான ஒருத்தி கேட்டிருந்தால்
அந்த நிமிஷமே கணக்குப் போட்டிருப்பார்கள்,
எத்தனை மாதம், எப்போது லீவு,
ஞாயிறு ஷிப்ட் யார் தலையில்.
என் கொழுப்பு வாயே திறக்கவில்லை.
உன்னைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு
கேலி முழுவதையும் தானே வாங்கிக்கொண்டது.
அதன்மேல் எனக்கு அன்பு வந்துவிட்டது
என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் அன்று மத்தியானம்
குளியலறைத் தராசைத்
துணி கூடைக்கு அடியில் தள்ளினேன்.
தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

புதுக் கால்சட்டை தொளதொளவென்று இருக்கிறது.
பெல்ட் போட்டிருக்கிறேன்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.

நாளைக்கு ரத்தம் எடுக்கிறார்கள், சர்க்கரை பார்க்க.
ஏழரைக்கு,
வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறாள் மெர்வி.
வெறும் வயிற்றோடு.
எப்படி வருவேன்?